அம்மா எப்போது சாப்பிட்டார்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை ஷிப்ட் எட்டரை மணிக்குத் தொடங்கும். ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். செக்கிங் மேசையிலும், தையல்காரருக்கு உதவும் கைமடி வேலையிலும் நிற்கிற பெண்களில் பலர் அம்மாக்கள். டீ நேரத்தில் கிடைக்கும் டீயும் பன்னும்தான் அவர்களில் பலருக்கு அன்றைய முதல் ஆகாரம். ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, இட்லி ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைக்குத் தலைவாரி, பஸ் ஏற்றிவிட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். கையில் தூக்கிவந்த பாக்ஸில் மதியச் சோறு இருக்கும். காலைச் சாப்பாடு அவர்கள் கணக்கிலேயே கிடையாது.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் கணினி முன்னால் உட்காரும் அம்மாவுக்கும், மதுரையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகும் அம்மாவுக்கும் காலை நேரம் ஏறக்குறைய இப்படித்தான் கழிகிறது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர் எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பதினொரு மணிக்கு ஆறிப்போன இரண்டு இட்லியோடு உட்காருகிறார். சம்பளம் மாறும், ஊர் மாறும். சாப்பிடும் வரிசையில் அம்மாவின் இடம் மட்டும் மாறுவதில்லை.

அம்மாக்கள் தங்களையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால் யோகா, நடைப்பயிற்சி, தனக்கென்று ஒரு மணி நேரம் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் நல்லவைதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஒருவரிடம் போய் நடைப்பயிற்சி பற்றி என்ன சொல்ல? முதலில் அவர் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். ஆஸ்பத்திரிகளும் சாலைகளும் பள்ளிகளும் நிறைந்த, பிற மாநிலங்கள் திரும்பிப் பார்க்கும் தமிழ்நாட்டில் எவ்வளவு தெரியுமா? 53.4 சதவீதம். முந்தைய ஆய்வில் 55 ஆக இருந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே நான்கைந்து ஆண்டுகள் ஓடியும் இரண்டு சதவீதம்கூட முழுதாகக் குறையவில்லை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளப்பதால் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வதுபோல் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், ஆணைவிடப் பெண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல் என்ற அந்த இடைவெளியை என்ன சொல்லி விளக்குவது?

இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் உயரத்துக்கு மீறிய எடை கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9. பாதிப் பேருக்கு ரத்தசோகை, பத்தில் நான்கு பேருக்கு அதிக எடை என்றால், ஒரே உடம்பில் இரண்டும் சேர்ந்திருக்கும் பெண்களும் இருக்கவே செய்வார்கள். பார்க்கப் பூசினாற்போல் இருக்கும் பெண்ணுக்கு ரத்தம் இல்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஒல்லியாக, வெளுத்துப்போய் இருப்பவருக்குத்தான் ரத்தசோகை வரும் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிக்கிடக்கிறது. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பும், எடையைக் கூட்டும். போதிய இரும்புச்சத்தைத் தராது.

தலை சுற்றுகிறது, படபடவென்று வருகிறது, சாயங்காலமானால் கால் கெஞ்சுகிறது, முடி கொட்டுகிறது என்று எப்போதாவது அம்மா சொன்னால் கிடைக்கும் பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. “வயசாகுதுல்ல.” “தூக்கம் பத்தல.” “போனையே பார்த்துட்டிருந்தா அப்படித்தான்.” கேட்டவர்களும் மறந்துவிடுவார்கள், சொன்னவரும் மறந்துவிடுவார். சில பெண்களுக்குப் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். சிலருக்குச் சாக்பீஸ், சாம்பல், செங்கல் தூள். கெட்ட பழக்கம் என்று திட்டு வாங்கி ஒளித்துவைத்துத் தின்பவர்களும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த பலருக்கு உடம்பு காட்டும் அடையாளம் அது. அரிசி மெல்லுகிற பெண்ணைக் கண்டால் திட்டுவதை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

ஏன் பெண்ணுக்கு இந்தக் குறை இவ்வளவு அதிகம்? கணக்கு எளிது. ஒரு மில்லி ரத்தம் போனால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனால் 20 மில்லிகிராம். அதை ஈடுகட்டச் சாப்பாட்டில் 20 மில்லிகிராம் இருந்தால் போதாது. சைவ உணவில் இருக்கும் இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. இதோடு ஒவ்வொரு கர்ப்பமும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பைக் கேட்கிறது. இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று வைத்தது. வீட்டில் ஒரே அளவு சாப்பாடு என்றால்கூடப் பெண்ணுக்குப் பற்றாது. நம் வீடுகளிலோ அதிகம் தேவைப்படுபவர் கடைசியில் சாப்பிடுகிறார்.

கடைசியில் சாப்பிடுபவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். சோறு மிஞ்சும். குழம்பின் அடியில் தண்ணீர் மிஞ்சும். ரசம் இருக்கும். முட்டை இருக்காது. கீரை ஒரு கரண்டி இருக்கும், அதையும் “இந்தா, நீ போட்டுக்கோ” என்று பிள்ளை தட்டில் தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் தனியாக வாங்குவார்கள். ரத்தம் ஊறும் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். சொல்வது சரிதான், இரண்டிலும் இரும்பு மிகுதி, அதுவும் உடம்பு சுலபமாக ஏற்கும் வகை. அதைச் சுட்டும் வறுத்தும் யார் தட்டில் வைக்கிறோம்? பிள்ளைக்கு. இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு. மாதாமாதம் ரத்தம் இழப்பவருக்கு எலும்பும் சாறும்.

இதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அன்பினால் செய்கிறார், அதில் அவருக்கு ஒரு நிறைவு இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். அந்த அன்பின் விலையை அவர் உடம்பு கொடுக்கிறது என்பதும் உண்மை. பிள்ளைகளும் கொடுக்கிறார்கள்: ரத்தம் குறைந்த தாய்க்குக் குறை எடையிலும் குறைமாதத்திலும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது அதே தேசியக் குடும்ப நல ஆய்வு.

நல்ல சாப்பாட்டையும் வீணாக்குகிற ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்ட கையோடு டீ அல்லது காபி. அதில் உள்ள வேதிப்பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போகலாம். டீயை விடச் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் அந்த ஒரு கிளாஸ்தான் பலருக்கு ஓய்வு. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருந்தால் போதும். மாறாக, எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். கொங்குப் பக்கத்துக் கொள்ளுப் பருப்பும் கம்மஞ்சோறும் கீரைக் கடைசலும் இரும்பு உள்ள சாப்பாடுதான். கடைசலில் எலுமிச்சை பிழிந்துகொள்ள ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது. மாதுளை, பீட்ரூட் என்று சிவப்பாக இருப்பதையெல்லாம் ரத்தம் ஊறுவதற்கென்று காசு கொடுத்து வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: மாதுளையில் இரும்பு மிகக் குறைவு. அந்தப் பணத்துக்குக் கொள்ளும் முட்டையும் வாங்கலாம்.

ஆனால் ரத்தம் ஏற்கெனவே இறங்கிப்போனவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். கர்ப்பமாக இருக்கும்போது வாங்கிய அந்தச் சிவப்பு மாத்திரைப் பட்டை பல வீடுகளில் பிரிக்காமலே கிடக்கும். “சூடுங்க”, “வயித்தப் பொரட்டுதுங்க”, “மலம் கறுப்பாப் போகுதுங்க” என்பவை காரணங்கள். மலம் கறுப்பது இரும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் புரட்டினால் மருத்துவரிடம் சொன்னால் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடச் சொல்லலாம், மருந்தை மாற்றலாம். பாலோடும் டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. மிக முக்கியமானது, ரத்த அளவு ஏறிவிட்டது என்றதும் நிறுத்திவிடக் கூடாது. உடம்பின் சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் ஆகும். பாதியில் நிறுத்தியவர்கள்தான் அடுத்த வருடமும் அதே களைப்போடு வருகிறார்கள். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை; பி12 குறைவு, கொக்கிப்புழு, பரம்பரைக் காரணம் என்று வேறும் உண்டு. அதனால் கடையில் கேட்டு வாங்கித் தானாக விழுங்குவது சரியல்ல.

அதிக உதிரப்போக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பதும், கட்டி கட்டியாகப் போவதும் “எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்” என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. நாற்பதை நெருங்கும் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கட்டி காரணமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்பிக்கொண்டே இருப்பதுபோல, இதைச் சரிசெய்யாமல் மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை. வெட்கத்தினாலும் விடுப்பு கிடைக்காததாலும் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள், கடைசியில் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் வந்து சேர்கிறார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்களில் அந்த வேலைகளில் ஈடுபடுபவர்கள் செலவிடுவது 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு, அதில் பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75. ஐந்து மணிக்கு அம்மாவோடு இன்னொருவரும் எழுந்து பாத்திரத்தைக் கழுவி டிபன் பாக்ஸ் கட்டினால் அம்மா உட்கார்ந்து மூன்று இட்லி சாப்பிடப் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தை அவர் தானாக எடுத்துக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்து வயதுப் பையன் தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவி வைக்கலாம்; அப்படிச் செய்கிற வீடுகள் இருக்கின்றன, அங்கே வானம் இடிந்து விழவில்லை.

வேலை செய்யும் இடங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய்வர நேரமாகும் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு அடிக்கடி வருகிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில் கழிப்பறைக்குப் போய்வர நேரம் கொடுப்பதும், காலை டீ நேரத்துக்கு ஒரு சுண்டலோ அவித்த முட்டையோ கிடைக்கச் செய்வதும் பெரிய செலவு அல்ல.

ரத்தத்தோடு முடிவதில்லை; தூக்கமும் ஏழு மணி நேரம் வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள், அதையும் செய்துகொள்ள வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் கவனிக்க உடம்பில் தெம்பு வேண்டுமே. ரத்தத்தில் இருந்து தொடங்குவதுதான் முறை.

எனவே இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குச் சர்க்கரை என்று அடுத்து எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாலும், போன கையோடு உங்கள் விரலையும் நீட்டி ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு வாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. அதற்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். போக முடியாத நாளில் 104 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம், கட்டணம் இல்லை. வீட்டில் உள்ள மற்றவர்களும் அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். இன்று இரவு அம்மாவையும் கூட உட்காரவைத்துச் சாப்பிடுங்கள்.