எள் அளவு இதயம்... மாரடைப்புத் தழும்புக்கு விடை தேடும் விஞ்ஞானிகள்!

நெஞ்சுவலி வந்தது, ஆஞ்சியோ பார்த்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், வீடு திரும்பியாயிற்று. ஆனாலும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'அடைப்புதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இப்படி?' மாரடைப்பிலிருந்து மீண்ட பலரின் வீட்டில் எழும் கேள்வி இது. இதயத்தில் விழுந்த தழும்பும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தழும்பு என்ன செய்யும்?

ரத்தம் கிடைக்காத இதயத் தசை செல்கள் சில மணி நேரத்தில் இறந்துவிடும். தோல் செல்களைப்போல அவை எளிதில் புதிதாக உருவாவதில்லை. பெரியவர்களின் இதயத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 1 சதவிகித தசை செல்களே புதுப்பிக்கப்படுகின்றன. எனவே, 'ஃபைப்ரோபிளாஸ்ட்' என்ற செல்கள் விரைந்து வந்து, கொலாஜன் புரதத்தால் அந்த இடத்தை ஒட்டுப்போடுகின்றன. இந்த ஒட்டு விழாவிட்டால் இதயச் சுவர் கிழியும் ஆபத்து உண்டு. ஆனால், தழும்பு தசையைப்போலச் சுருங்கி விரியாது. மின் துடிப்பையும் சரியாகக் கடத்தாது. மீதமுள்ள தசையே முழு வேலையையும் சுமப்பதால், நாளடைவில் இதயம் பலவீனமடைகிறது.

இந்தத் தழும்பை முழுவதுமாக அழிக்கும் மருந்து இன்னும் இல்லை.

வியன்னாவில் துடித்த குட்டி இதயம்

உயிரோடு இருப்பவரின் இதயத்தை வெட்டியெடுத்து ஆராய முடியாது. எலியின் இதயமோ நிமிடத்துக்கு சுமார் 500 முறை துடிக்கும். நமக்கு 70 சொச்சம்தான். இரண்டும் ஒன்றல்ல.

வழி திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. சாதாரண தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று 2006-ல் எலியிலும், 2007-ல் மனித செல்லிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார்.

2019-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மிலிகா ராடிசிக் குழு, ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கூடுதலாகச் சேர்த்து, தழும்பேறிய இதயத் திசுவையே ஆய்வகத்தில் வளர்த்தது. 2021-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் சாஷா மென்ட்ஜான் குழு, மனித ஸ்டெம் செல்களிலிருந்து எள் அளவில், நடுவே அறையுடன் தானாகத் துடிக்கும் 'கார்டியாய்டு'களை உருவாக்கியது. உறைகுளிரான எஃகுக் கம்பியால் அதைக் காயப்படுத்தியபோது, ஃபைப்ரோபிளாஸ்ட்கள் காயத்தை நோக்கி நகர்ந்து, ஒட்டுப்போடும் புரதங்களைச் சுரந்தன. நம் இதயத்துக்குள் நடப்பதன் தொடக்கத்தைக் கண்ணாடித் தட்டில் பார்க்க முடிந்தது.

நமக்கு என்ன பயன்?

இந்தக் குட்டி இதயத்தை யாருக்கும் பொருத்த முடியாது. ஆனால், தழும்பைக் குறைக்கும் மருந்துகளை நோயாளிக்குக் கொடுக்கும் முன் இதில் சோதித்துப் பார்க்கலாம்.

அந்த மருந்து வரும்வரை நம் கையில் இருப்பது நேரம் மட்டுமே. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை என்றால், 'வாயுவாக இருக்கும்' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அடைப்பு நீங்குகிறதோ, அவ்வளவு சிறியதாகத் தழும்பு விழும்!