பேரில் எழுதிய வம்சம்

அக்கா மகள் ஆஸ்லோவில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் போர்குண்ட் தேவாலயத்தைப் பற்றியே இரண்டு நாள் பேசினாள். 1180ஆம் ஆண்டையொட்டி முழுக்க மரத்தால் எழுப்பியது. அடுக்கடுக்கான கூரை, அதன் முனைகளில் டிராகன் தலைகள். மழையிலும் பனியிலும் இற்றுப்போகாமல் இருக்கத் தார் பூசிப் பூசியே பலகைகளைக் காத்து வருகிறார்கள். நார்வேயில் இப்படிப்பட்டவை எஞ்சியிருப்பது 28தான். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னோரின் ஊர்க் கோயிலைத் தேடி வந்து, பழைய திருச்சபைப் பதிவேட்டில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நாளைப் பார்த்துக் கண்கலங்குவார்களாம்.

"நமக்கு அப்படி ஒரு ஏடு இல்லையா, மாமா?"

இல்லை என்றுதான் சொன்னேன். மறுநாள் அவளோடு திருத்தணி மலையேறும்போது அந்தப் பதில் தவறு என்று பட்டது.

படிகள் 365; ஆண்டின் நாளுக்கு ஒன்று. புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் பழத்தட்டோடு போனவர்களை, முதலில் முருகனைப் பாருங்கள் என்று இந்தப் பக்கம் திருப்பியவர் வள்ளிமலை சுவாமிகள். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறுவார்கள். நார்வேக்காரர் பலகைக்குத் தார் பூசுகிற அக்கறைதான் இதுவும்.

எங்கள் பாட்டி வேண்டுதலைத் தெலுங்கில் சொல்வார், கதையைத் தமிழில் சொல்வார். அவருடைய காலத்தில் இது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக் கோடு நகர்ந்தது. பாட்டி இருந்த இடத்திலேயே இருந்தார்.

இந்தப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் நிற்கும் சர்வபள்ளி, நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். முன்னோர் விட்டுவந்த ஊரைப் பேரே சுமந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு வீட்டுப் பெயர் கிடையாது, தணிகாசலம்தான். தாத்தா பேர் பேரனுக்கு. அதனால்தானே அவன் பேரன்!

மலைமேல் ஐராவத யானைச் சிலையின் அருகே உட்கார்ந்தோம். மற்ற முருகன் கோயில்களில் வாகனம் சுவாமியைப் பார்த்து நிற்கும். இங்கே யானை, தன்னைச் சீராகக் கொடுத்த இந்திரனின் கிழக்குத் திசையைப் பார்த்து நிற்கிறது. பிறந்த வீட்டு நினைப்பு போலும்.

அவள் செல்போனில் பேர்களை எழுதிக்கொண்டே வந்தாள். என் அப்பா தணிகாசலம். அவருடைய தாத்தா தணிகாசலம். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அவரோட தாத்தா பேரும் இதேதானே இருந்திருக்கும், மாமா?"