வலிப்பு நோயுள்ள குழந்தையின் மனநலம்

காக்காய் வலிப்பு என்று நாம் வழங்கும் நோய் மூளையில் எழும் மின் கிளர்ச்சியின் விளைவேயாகும். தெய்வக் குற்றமன்று, தொற்றுவதுமன்று. மாத்திரையால் பெரும்பாலோர்க்கு வலிப்பு அடங்குகிறது. ஆயினும், வலிப்பு நின்றதும் குழந்தை முழு நலம் பெற்றுவிட்டதெனக் கருதலாகாது.

இங்கிலாந்தின் வைட் தீவில் 1960-களில் பள்ளிச் சிறுவரை ஆராய்ந்தனர். பொதுவாக 100-க்கு 7 பேரிடம் மனநலக் கோளாறு காணப்பட்டது. வலிப்புள்ள சிறுவரிடையே அது ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. மூளையின் பாதிப்பு, சில மாத்திரைகளின் பக்க விளைவு, பிறர் ஒதுக்குவதால் வரும் துயரம் ஆகிய யாவும் இதற்குக் காரணமாகலாம்.

இதனை இரத்தப் பரிசோதனையால் அறிய இயலாது. கேட்டே அறிதல் வேண்டும். 1997-இல் வெளியான வினாத்தாள் ஒன்றில் 25 கூற்றுகள் உள்ளன. அச்சம், சினம், கவனச் சிதறல், நட்பு முதலியன பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே விடையளிப்பர். வீட்டில் கலகலப்பாயிருக்கும் குழந்தை பள்ளியில் ஒதுங்கியிருக்கக் கூடுமாதலின், இருவர் சொல்லும் தேவை. வளர்ந்த பிள்ளையையும் தனியே கேட்டல் நன்று. இவ்விடைகள் நோயை உறுதி செய்யா. மருத்துவரை நாடவேண்டுமா என்பதையே காட்டும்.

வகுப்பில் சில கணம் வெறித்து நிற்பது கவனக் குறைவு போலத் தோன்றினும், அது சிறு வலிப்பாகவும் இருக்கலாம். புதிய மாத்திரை தொடங்கியபின் குணம் மாறினால், தேதியைக் குறித்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தினால் கடும் வலிப்பு நேரிடக் கூடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இத்தகைய குழந்தைகளின் படிப்பு நின்றுவிடாமல் காத்தல் வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுமாறு பெற்றோரைத் தூண்டலாம். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. ஆனால் குழந்தையின் நோயைப் பொதுச் சபையில் பேசுதல் கூடாது. மறைவாகச் செய்யும் உதவியே இங்கு உண்மையான உதவியாகும்.