இறைச்சி சுடும் அடுப்பும் அதன் பராமரிப்பும்

ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிட்டால் எமது வீட்டு முற்றங்களுக்குப் பார்பிகியூ அடுப்பும் வந்துவிடுகிறது. இரும்புப் பீப்பா ஒன்றை நெடுக்காகப் பிளந்து, கால்கள் பொருத்தி, மேலே கம்பித்தட்டை வைத்தால் அடுப்புத் தயார். சிரட்டைக் கரியைப் பற்றவைக்கவும் மசாலாவில் ஊறிய இறைச்சியை அடுக்கவும் ஆட்களுக்குக் குறைவில்லை. சுட்டு முடிந்ததும்தான் எல்லோரும் மறைந்துவிடுகிறார்கள்! அடுப்போ மதிலோரத்தில் மழையில் நனைந்து கறள் பிடிக்கிறது.

கம்பித்தட்டில் கருகி ஒட்டும் கொழுப்பு, ஆறினால் கல்லாக இறுகிவிடும். சூடாக இருக்கும்போதே இலகுவாகக் கழலும். ஆகவே இறைச்சியை எடுத்த பின்னரும் தட்டைப் பத்து நிமிடமளவில் தணல்மீது விட்டு, அதன் பின் தேய்க்க வேண்டும். எதனால் தேய்ப்பது என்பதே முக்கியமான கேள்வி. பலர் கம்பித் தூரிகையைப் பயன்படுத்துகின்றனர். அதிலிருந்து உதிரும் மெல்லிய கம்பித்துண்டு தட்டில் ஒட்டியிருந்து, அடுத்த முறை இறைச்சியோடு வாய்க்குள் சென்று, தொண்டையிலோ குடலிலோ குத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2002 முதல் 2014 வரை இவ்வாறு காயப்பட்டு அவசர சிகிச்சை பெற்றோர் 1,600 பேருக்கு மேல் என ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. எமக்கு அந்தத் தூரிகை எதற்கு? நனைத்த பொச்சுமட்டையை நீண்ட இடுக்கியால் பிடித்துத் தேய்த்தால், எழும் நீராவியே அழுக்கை இளக்கிவிடும்.

தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் வேலிக்கு அடிக்கும் நாகமுலாம் பூசிய கம்பிவலையை வெட்டி அடுப்பின்மேல் போடுகின்றனர். நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியஸில் உருகும். கொழுந்துவிடும் கரி அதைவிடச் சூடானது. அந்தப் புகையும் முலாமும் உணவில் சேரக்கூடாதவை. கறையில் உருக்கினாலான தட்டே நல்லது. இரசாயனப் பொருட்கள் இருந்த பீப்பாவையும் தவிர்க்க வேண்டும்.

சாம்பலை எவரும் பொருட்படுத்துவதில்லை. மேலே வெண்மையாக ஆறிக் கிடக்கும் சாம்பலுக்குள் மறுநாளும் தணல் இருக்கலாம். அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைப் பையிலோ கொட்டித் தீவிபத்தை வரவழைக்கக் கூடாது. முற்றாக ஆறிய பின் தகர வாளியில் அள்ள வேண்டும். அடுப்பிலேயே விட்டுவைத்தாலும் கேடுதான்: சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரச் சாம்பல் இரும்பை அரித்து அடித்தட்டை ஓட்டையாக்கும். மழை வந்துவிட்டதென்று தணலோடு அடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ இழுத்து வருவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. கரித்தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய இடத்தில் அது உயிரையே பறித்துவிடும்.

இரும்புத் தட்டாயின், கழுவித் துடைத்த பின் மெல்லிதாக எண்ணெய் பூசிச் சூடாக்க வேண்டும். எமது கை முதலில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குத்தான் போகும். ஆனால் அது பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பாகையால் இறுகிய படலமாக மாறாது. சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெயே இதற்குப் பொருத்தம். கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேகமாகக் கறளை ஏற்றுவதால், அங்கே இதை அடிக்கடி செய்ய நேரிடும்.

இறுதியாக, ஈரம் நன்கு காய்ந்த பின்னரே அடுப்பைப் படங்கினால் மூட வேண்டும். காற்றுப் போவதற்கு அடியில் சிறிது இடைவெளி விடுவதும் அவசியம்.