பிரெக்ஸிட்: ஆம்பூர்ப் பேரேட்டில் பற்றும் வரவும்

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்று ஓட்டுப் போட்டவர்கள் 1,74,10,742 பேர். நீடிக்கலாம் என்றவர்கள் 1,61,41,241 பேர். வித்தியாசம் 12,69,501. அன்று ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 100 ரூபாய் கிடைத்தது. மறுநாள் 93 ரூபாய் பக்கம் இறங்கியது. அக்டோபரில் 82 ரூபாயை ஒட்டி நின்றது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் வட்டாரத்துக்கு பிரெக்ஸிட் முதலில் வந்து சேர்ந்தது இந்த எண்களாகத்தான்.

ஒரு மாதிரி ஆர்டரை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆண்களுக்கான தோல் ஷூ, 10,000 ஜோடி, ஜோடி 20 பவுண்டு. மொத்தம் 2 லட்சம் பவுண்டு.

பவுண்டு 100 ரூபாய் என்றால் வரவு: 2,00,00,000
93 ரூபாய் என்றால்: 1,86,00,000
82 ரூபாய் என்றால்: 1,64,00,000

சென்னையில் கப்பல் ஏறும் சரக்கு இங்கிலாந்து போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மாதம். அதற்கு மேல் 60 நாள், 90 நாள் தவணை. மே கடைசியில் சரக்கு ஏற்றியவர் பணத்தைக் கண்ணால் பார்க்கும்போது செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். பவுண்டு விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஃபார்வர்ட் கான்ட்ராக்டை வங்கியில் போட்டு வைத்தவர் தப்பினார். போடாதவருக்கு இந்தக் கணக்கில் 36 லட்சம் பற்று. லாபம் நூற்றுக்கு 8 என்று தாராளமாக வைத்தாலும் 2 கோடியில் 16 லட்சம்தான். லாபத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கையை விட்டுப் போயிற்று. டாலர் அந்த மாதங்களில் 67 ரூபாய்க்குப் பக்கத்திலேயே நின்றதால், டாலர் கொடுத்து வாங்கும் தோலிலும் கெமிக்கலிலும் சோலிலும் செலவு குறையவில்லை.

இந்த 36 லட்சம் எவ்வளவு பெரிய தொகை என்பதைக் கட்டிங் மேஜை அருகே நின்று பார்த்தால் தெரியும். ஒரு ஜோடிக்கு மேல்தோல் 2 சதுர அடி என்றால் இந்த ஆர்டருக்கு 20,000 சதுர அடி. வெட்டுபவர் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டமிடுவார். ஷூவின் முன்பக்கத்துக்கு வேண்டிய துண்டை முதுகுப் பகுதியில் எடுப்பார். நாக்குக்கும் மறைவான இடங்களுக்கும் வேண்டியதை வயிற்றுப் பகுதியில் எடுப்பார். அச்சுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ஜோடிக்கு 0.1 சதுர அடி மிச்சம் பிடித்தால் அவர் தேர்ந்த கைக்காரர். 10,000 ஜோடிக்கு அது 1,000 சதுர அடி. சதுர அடி 120 ரூபாய் என்று வைத்தால் 1,20,000 ரூபாய். மாதக் கணக்கில் குனிந்து நின்று ஒரு கட்டிங் பிரிவு சேமித்ததைப் போல 30 மடங்கை, ஒரு வாக்கெடுப்பின் பின்விளைவு எடுத்துக்கொண்டது.

டாலரில் பேசியவர்களும் முழுதாகத் தப்பவில்லை. 28 டாலர் ஷூ, பவுண்டு 1.50 டாலராக இருந்தபோது பிரிட்டிஷ் பையருக்கு 18.67 பவுண்டு. பவுண்டு 1.22 டாலர் ஆனபோது அதே ஷூ 22.95 பவுண்டு. கடையில் விலையை ஏற்ற முடியாதவர் என்ன செய்வார்? ஆம்பூருக்குப் போன் போட்டு, அடுத்த சீசன் ஆர்டர் வேண்டுமானால் விலையைக் குறையுங்கள் என்பார். இந்தப் பேச்சுவார்த்தைக்குச் சாட்சியும் இல்லை, கருத்துக்கணிப்பும் இல்லை. பெரிய கம்பெனி கொஞ்சம் தாங்கும். அதனிடம் அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஜோடிக்கு 2 ரூபாய் குறைந்தாலே தள்ளாடும்.

பிரிட்டனில் மக்கள் மனம் எப்படி இருந்தது? கணிப்புகளைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. விலகுவதா வேண்டாமா என்பதில் மக்கள் பக்கம் மாறியது கொஞ்சம்தான். ஒன்றியத்தோடு அரசு பேச்சுவார்த்தை நடத்திய விதத்தில்தான் நம்பிக்கை சரிந்தது. பேராசிரியர் ஜான் கர்டிஸ் வழிநடத்திய நாட்சென் நிறுவன ஆய்வில், 2017 பிப்ரவரியில் மோசமான ஒப்பந்தம்தான் கிடைக்கும் என்றவர்கள் 37 சதவீதம். 2019 மார்ச்சில் 63 சதவீதம். அரசு இதை மோசமாகக் கையாள்கிறது என்றவர்கள் 41 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக ஏறினார்கள். விலக ஓட்டுப் போட்டவரும் நீடிக்க ஓட்டுப் போட்டவரும் இந்த ஒரு புகாரில் ஒன்று சேர்ந்தார்கள். விலகியதே தவறு என்ற எண்ணம் வலுப்பெற இன்னும் காலம் ஆனது. 2022 நவம்பரில் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது தவறு என்றவர்கள் 56 சதவீதம், சரி என்றவர்கள் 32 சதவீதம்.

இந்த வாக்கெடுப்பில் நம்மவர்களும் ஓட்டுப் போட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு ஓட்டு உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு லண்டனில் இருந்தவர் ஓட்டுப் போட்டார். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரருக்கு ஓட்டு இல்லை. லார்ட் ஆஷ்கிராஃப்ட் வாக்கெடுப்பு நாளில் 12,369 பேரிடம் எடுத்த கணிப்பில், ஆசிய வம்சாவளியினரில் 67 சதவீதம் பேர் நீடிக்கவே ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது ஷூ ஊர்களின் ஓட்டு. இங்கிலாந்தின் பழைய ஷூ நகரம் நார்தாம்ப்டன். அங்கே விலகலாம் என்றவர்கள் 58 சதவீதம். அருகிலுள்ள கெட்டரிங்கில் 61 சதவீதம். நாட்டின் மொத்தச் சராசரி 51.9 சதவீதம். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு பட்டறை இருந்த ஊர்கள் இவை. அந்த வேலைகள் பல பத்தாண்டுகளாக மலிவான கூலியைத் தேடிக் கிளம்பின. அதில் ஒரு பங்கு பாலாற்றங்கரைக்கு வந்தது. வேலை இழந்த ஊர் தன் கோபத்தை ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் மீது காட்டியது. அந்தக் கோபத்தின் செலவில் ஒரு பகுதி, அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருக்கும் ஊரின் பேரேட்டில் விழுந்தது. நார்தாம்ப்டன் தொழிலாளிக்கும் ஆம்பூர்த் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இடையில் எந்தப் பகையும் இல்லை. இருவரும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள். இருவரையும் கேட்டு யாரும் அந்தச் சங்கிலியை இழுக்கவில்லை.

ஓட்டுப் போட்ட நாளிலிருந்து பிரிட்டன் சட்டப்படி வெளியேறிய 2020 ஜனவரி 31 வரை 1,317 நாட்கள். அப்போதைய பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் மூன்று முறை தோற்றது: 2019 ஜனவரி 15 அன்று 432-க்கு 202, மார்ச் 12 அன்று 391-க்கு 242, மார்ச் 29 அன்று 344-க்கு 286. விலகும் நாள் மார்ச் 29 என்றிருந்தது, ஏப்ரல் 12 ஆகி, அக்டோபர் 31 ஆகி, ஜனவரி 31 ஆனது. நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதாக 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தார்கள். நவம்பர் 28 அன்று திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் தொடங்கி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின. 105 நாட்கள். ஒப்பிட முடியாத இரண்டு பிரிவுகள்தான். இருந்தாலும் அந்த ஆண்டில் இரண்டையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது.

ஷூ தொழில் சீசனை நம்பி ஓடுவது. குளிர்காலச் சரக்குக்கு ஆண்டின் முதல் மாதங்களில் ஆர்டர் உறுதியானால்தான் தோல் வாங்கி, ஆள் போட்டு, ஆகஸ்டுக்குள் கப்பல் ஏற்ற முடியும். 2019 மார்ச் 29க்குள் சரக்கைக் கிடங்கில் அடுக்கிவிடும் அவசரம் பிரிட்டிஷ் கம்பெனிகளைப் பிடித்தது. நாள் தள்ளிப்போனதும் கிடங்கில் இருப்பதே போதும் என்றார்கள். முதலில் ஓவர்டைம், பிறகு வேலையில்லாத வாரங்கள். விலகலால் வந்த நஷ்டத்தைவிட, விலகுவதா இல்லையா என்று தெரியாமல் கிடந்த காலத்தால் வந்த நஷ்டம் பெரிது என்பது என் முடிவு. மாறிய வரியைக் கணக்கில் சேர்த்து விலை சொல்லலாம். தெரியாத வரிக்கு என்ன விலை சொல்வது?

விலகிய பிறகு வந்த செலவு வேறு வகை. முன்பெல்லாம் பிரிட்டிஷ் பிராண்டு 10,000 ஜோடியை இங்கிலாந்தில் ஒரே கிடங்கில் இறக்கி, டப்ளினுக்கும் பாரிஸுக்கும் அங்கிருந்தே அனுப்பியது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே வரி இல்லை என்றாலும், அந்தச் சலுகை அங்கேயே உற்பத்தியான பொருளுக்குத்தான். ஆம்பூரில் செய்த ஷூ இங்கிலாந்தில் ஒருமுறை வரி கட்டி, டப்ளின் போனால் இன்னொரு முறை கட்ட வேண்டும். அதனால் ஆர்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்துக்கு 6,000, ஒன்றியத்துக்கு 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி லேபிள் இரண்டு, இன்ஸ்பெக்‌ஷன் இரண்டு, ஷிப்பிங் பேப்பர் இரண்டு செட். கன்டெய்னர் நிரம்பாவிட்டால் அந்த வாடகையும் கூடுதல். பாதுகாப்பு ஷூ செய்பவர்களுக்குப் பழைய சி.இ. முத்திரையோடு யு.கே.சி.ஏ. என்ற புது முத்திரையும் வேண்டும் என்றார்கள். கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டிவிட்டு, 2023 ஆகஸ்டில் சி.இ. போதும் என்றார்கள். இடையில் அதற்காகச் செலவழித்தவருக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

ஒரு விஷயத்தில் பிரிட்டன் பழைய விதியையே வைத்துக்கொண்டது எனக்கு நிம்மதி. தோலில் க்ரோம்-6 என்ற நச்சு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய விதி. விலகிய பிறகும் பிரிட்டன் அதைத் தளர்த்தவில்லை. பாலாறு கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த வட்டாரம் இது. வாங்குபவர் கண்டிப்பு தளர்ந்தால் முதலில் கெடுவது நம் கிணறுதான்.

எல்லாப் பற்றையும் பிரெக்ஸிட் தலையில் எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். இந்தியத் தோல் பொருள் ஏற்றுமதி 2014-15இல் சுமார் 649 கோடி டாலர், 2015-16இல் 585 கோடி, 2016-17இல் 566 கோடி. பெரிய சறுக்கல், ஏறத்தாழ 10 சதவீதம், வாக்கெடுப்புக்கு முன்பே நடந்துவிட்டது. வாக்கெடுப்பு நடந்த ஆண்டின் சறுக்கல் 3 சதவீதம் போல. அந்த 3 சதவீதத்திலும் 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கத்துக்குப் பங்கு உண்டு. வாரச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்த சிறு யூனிட்டுகள் பட்ட பாடு இந்த ஊர்களுக்குத் தெரியும். அடுத்து 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. 2020-21இல் கொரோனாவால் ஏற்றுமதி 368 கோடி டாலருக்கு விழுந்தது. ஏற்றுமதியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வாங்கும் பிரிட்டன் தனியாக இவ்வளவையும் செய்துவிட முடியாது. ஆனால் அடி மேல் அடி விழுந்த ஆண்டுகளில் முதல் அடிகளில் ஒன்று அது.

இனி வரவுப் பக்கம். ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் தனியாக யாரோடும் வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. இந்தியாவுக்கும் ஒன்றியத்துக்கும் 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் நின்றுபோயிருந்தது. அதனால் பிரெக்ஸிட் வந்ததும், பிரிட்டனோடு சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு ஏற்றுமதியாளர்களிடம் இருந்தது. 2016 நவம்பரில் தெரசா மே டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்துபோனார். முறையான பேச்சு தொடங்கியது 2022 ஜனவரி 13 அன்று. அந்த ஏப்ரலில் வந்த அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தீபாவளிக்குள் முடிப்போம் என்றார். மூன்று தீபாவளி போனது. 2025 மே 6 அன்று பேச்சு முடிந்து ஜூலை 24 அன்று கையெழுத்தானது. வாக்கெடுப்பு முடிந்து 9 ஆண்டு 1 மாதம். இதற்கிடையில் வியட்நாம் ஒன்றியத்தோடு 2020இலும் பிரிட்டனோடு 2021இலும் ஒப்பந்தத்தை அமல்படுத்திவிட்டது. வங்கதேசத்துக்கு ஏழை நாட்டுச் சலுகையில் முன்பே வரி இல்லை. ஒன்றியத்தோடும் நமக்கு 2026 ஜனவரி 27 அன்று பேச்சு முடிந்துவிட்டது. ஆக பிரிட்டன் ஒப்பந்தம் தரும் தனிச் சாதகம் நீண்ட நாள் நிற்காது.

ஒப்பந்தப்படி, ஷூ, தோல் பொருள்களுக்கு 16 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாகும். நம் மாதிரி ஆர்டரில் தோல் ஷூவுக்குச் சலுகை போகக் கட்டியது 4.5 சதவீதம். 2 லட்சம் பவுண்டுக்கு 9,000 பவுண்டு, ஜோடிக்கு 90 பென்ஸ். பவுண்டு 115 ரூபாய் என்றால் ஜோடிக்கு 103 ரூபாய் 50 காசு, மொத்த ஆர்டருக்கு 10,35,000 ரூபாய்.

இந்த வரியை ஆம்பூர் கட்டியதில்லை, அங்கே சரக்கை எடுப்பவர் கட்டினார். எனவே மிச்சமும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அடுத்த சீசன் விலை பேச உட்காரும்போது, அந்த 90 பென்ஸில் பாதியையாவது கேட்டு வாங்க வேண்டியது இங்கிருக்கும் கம்பெனிகளின் வேலை. தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காது. தோல் ஏற்றுமதிக் கவுன்சில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கீழெல்லை வைத்துப் பேசினால் கிடைக்கும். பாதி என்றால் ஜோடிக்கு 51 ரூபாய் 75 காசு. அதில் 15 ரூபாய் தையல், லாஸ்டிங், ஃபினிஷிங் லைன்களுக்குப் போனால் 10,000 ஜோடிக்கு ஒன்றரை லட்சம் கூலியாகச் சேரும். 2016இல் பவுண்டு சரிந்தபோது ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைக்க ஒரு சீசன்கூட ஆகவில்லை. ஏற்றுவதற்கும் அதே ஒரு சீசன்தான் கெடு என்று ஆம்பூர், வாணியம்பாடி தொழிற்சங்கங்கள் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.