எக்செல் ஏன் மூச்சு வாங்குது?

ஒரே ஒரு மார்க்கைத்தான் மாத்தினீங்க. 67-ஐ அழிச்சுட்டு 76. என்டர் தட்டினதும் மவுஸ் முனையில் அந்த வட்டம் சுத்த ஆரம்பிக்குது. ஸ்க்ரீனின் கீழே சதவிகிதம் ஆமை வேகத்தில் ஏறுது. 'ரேம் பத்தலைடா, லேப்டாப்பை மாத்து!' என்று பக்கத்து சீட்டிலிருந்து இலவச ஆலோசனை வேறு!

அவசரப்பட்டு வீட்டில் அப்ளிகேஷன் போட்டுடாதீங்க பாஸ்! பல சமயம் கோளாறு மெஷினில் இல்லை. ஷீட்டில் எழுதி வச்சிருக்கிற ஃபார்முலாவில் இருக்கு. ப்ராஜெக்ட் சர்வே, கல்ச்சுரல்ஸ் கணக்கு, முதல் வேலையில் தலையில் கட்டப்படும் 'எம்.ஐ.எஸ். ரிப்போர்ட்' என்று ஸ்ப்ரெட்ஷீட் உங்களை விடப்போவதில்லை. அதன் மனசைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா, நிமிஷக் கணக்கில் நிற்கிற ஷீட்டை நொடிகளில் ஓட வைக்கலாம்.

கரும்பலகையில் பிறந்த ஐடியா

ஸ்ப்ரெட்ஷீட்டே ஒரு ஸ்டூடன்ட்டின் எரிச்சலில் பிறந்ததுதான். 1978-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார் டான் ப்ரிக்ளின். பலகையில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்ட பேராசிரியர், ஒரு எண்ணை மாற்றியதும் அதைத் தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. 'இதை மெஷினே செய்தால்?' என்று ப்ரிக்ளினுக்குத் தோன்ற, நண்பர் பாப் ஃப்ராங்ஸ்டனுடன் சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்', 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்தது. அதில் 254 படுக்கை வரிசை, 63 நெட்டு வரிசை. மொத்தம் 16,002 செல்தான்.

எக்செல் 2003 வரை 65,536 படுக்கை வரிசைகள் இருந்தன. 2007-ல் அது 10,48,576 ஆனது. நெட்டு வரிசை 16,384. பெருக்கிப் பாருங்க... ஒரு ஷீட்டில் சுமார் 1,718 கோடி செல்! இடம் தாராளமாகக் கிடைத்ததும் நாமும் தாராளமாக ஃபார்முலாவை இழுத்துவிட ஆரம்பித்தோம். வினையே அங்கேதான்.

உண்மையில் எக்செல் நல்ல புத்திசாலி. எந்த செல் எதை நம்பியிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு வம்சாவளியே வைத்திருக்கிறது. ஒரு எண்ணை மாற்றினால் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளை மட்டும்தான் திரும்பக் கணக்கிடும். அப்படியும் திணறுதுன்னா, நாம அதுக்குத் தேவையில்லாத வேலை கொடுத்திருக்கோம்னு அர்த்தம். அந்த வேலையை எண்ணிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

தேடித் தேடி...

முதல் சந்தேக நபர் 'விலுக்அப்'. 20,000 மாணவர்களின் பட்டியலில் பதிவு எண்ணைக் கொடுத்து பெயர், துறை, ஆண்டு, மார்க், கிரேடு என்று ஐந்து விவரம் எடுக்கறீங்க. துல்லியமான பொருத்தம் கேட்டால், விலுக்அப் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே இறங்கும். சராசரியாகப் பாதிப் பட்டியல், அதாவது 10,000 ஒப்பீடு. 20,000 பேருக்கு 20 கோடி. ஐந்து விவரத்துக்கு 100 கோடி! ரேம் மேலே பழி போடுவது நியாயமா?

இங்கே அபத்தம் என்னன்னா, ஒரே ஆளை ஐந்து முறை தேடறோம். ஆள் எந்த வரியில் இருக்கிறார் என்பதை 'மேட்ச்' மூலம் ஒருமுறை கண்டுபிடித்துத் தனி நெட்டு வரிசையில் போட்டுடுங்க. அப்புறம் 'இண்டெக்ஸ்' நேராக அந்த வரிக்குப் போய் ஐந்து விவரத்தையும் எடுத்துக் கொடுத்துடும். 100 கோடி, 20 கோடியாகிவிட்டது.

இன்னும் வேகம் வேணுமா? எக்ஸாம் ஹாலுக்கு வெளியே ஒட்டியிருக்கிற பட்டியலில் உங்க நம்பரை எப்படித் தேடுவீங்க? நடுவில் ஒரு பார்வை, பெரிய நம்பரா இருந்தா மேலே, சின்னதா இருந்தா கீழே. பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதால்தானே இது முடியுது! எக்செல்லுக்கும் அதே கதைதான். பதிவு எண்ணை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, மேட்ச்சின் கடைசி இடத்தில் 0-க்குப் பதில் 1 கொடுங்க. பாதி பாதியாக வெட்டித் தேடும். 20,000 பேரில் ஒருவரைப் பிடிக்க 15 எட்டு போதும். மொத்தம் 3 லட்சம். 100 கோடி எங்கே, 3 லட்சம் எங்கே!

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த முறையில் நம்பர் பட்டியலில் இல்லையென்றால் எக்செல் 'இல்லை' என்று சொல்லாது. அதைவிடச் சின்ன நம்பர்களில் பெரியதைக் கொண்டுவந்து நிறுத்தும். இன்னொருத்தர் மார்க் உங்க பெயரில் ஏறிடும்! அதனால், கிடைத்த வரியில் இருக்கும் பதிவு எண்ணும் நாம் கேட்டதும் ஒன்றுதானா என்று ஒரு 'இஃப்' போட்டுச் சோதிக்காமல் இதைத் தொடவே கூடாது.

2018-ல் ஆபீஸ் 365-ல் மைக்ரோசாஃப்ட்டே இதற்கு ஒரு மருந்து போட்டது. ஒரே பட்டியலில் திரும்பத் திரும்பத் தேடினால், எக்செல் உள்ளுக்குள் ஒரு அகராதி தயாரித்து வைத்துக்கொள்ளும். ஆனால் உங்க லேபில் இருப்பது 2010-ஓ 2013-ஓ என்றால் அந்தச் சலுகை கிடையாது. நாமேதான் பார்த்துக்கணும்.

கூட்டினதையே கூட்டாதீங்க

அடுத்தது 'இதுவரை மொத்தம்'. செலவுக் கணக்கில் ஒவ்வொரு வரியிலும், முதல் வரியிலிருந்து அந்த வரி வரை 'சம்' போடுவது பலரின் வழக்கம். 10,000-வது வரிக்குப் போனால் 10,000 எண்களைக் கூட்டணும். எல்லா வரிகளையும் சேர்த்தால் 5 கோடி கூட்டல். அதுக்குப் பதிலா, மேல் செல்லின் மொத்தத்தோடு இந்த வரியின் தொகையைக் கூட்டுங்க. வெறும் 10,000 கூட்டல். மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் காலங்காலமாக இதைத்தானே செய்கிறார்!

சும்மா இருக்கத் தெரியாதவை

சில ஃபங்ஷன்கள் வகுப்பில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்கும் ரகம். 'டுடே', 'நவ்', 'ராண்ட்', 'ஆஃப்செட்', 'இண்டைரக்ட்' இந்தக் கோஷ்டி. ஷீட்டின் ஏதோ ஒரு மூலையில் நீங்க எதை மாற்றினாலும் இவை தாமும் மறுபடி கணக்குப் போட்டு, தம்மை நம்பியிருக்கும் செல்களையும் எழுப்பிவிடும். 20,000 வரியில் வயசு கணக்கிட 20,000 'டுடே' எதுக்கு? தேதியை ஒரே ஒரு செல்லில் போட்டு, எல்லா வரியும் அதைப் பார்க்கும்படி செய்யுங்க. கன்ட்ரோலோடு செமிகோலனைத் தட்டினால் இன்றைய தேதி ஃபார்முலாவாக இல்லாமல் வெறும் தேதியாகவே விழும். ஆஃப்செட் வேலையை இண்டெக்ஸே பல இடங்களில் செய்துவிடும்.

கண்டிஷனல் ஃபார்மட்டிங்கும் இதே ஜாதிதான். ஃபெயில் மார்க்குக்குச் சிவப்பு, சென்டத்துக்குப் பச்சை என்று ஷீட் முழுக்க ஹோலி கொண்டாடினால், ஸ்க்ரீனை நகர்த்தும்போதுகூட இழுக்கும். தேவைப்படும் இடத்தில் மட்டும் கலர் அடிங்க.

எல்லைக் கோடு

'சம்ப்ராடக்ட்' மாதிரி ஃபார்முலாவில் நெட்டு வரிசை முழுவதையும் கொடுத்தால், டேட்டா 500 வரிதான் இருந்தாலும் 10,48,576 வரியையும் மெனக்கெட்டுப் பார்க்கும். 'சம்இஃப்ஸ்' இந்த விஷயத்தில் சமர்த்து; டேட்டா உள்ள பகுதியோடு நின்றுவிடும். முடிந்தவரை அதையே பயன்படுத்துங்க. இல்லாவிட்டால் எல்லையை எழுதிக் கொடுங்க.

கன்ட்ரோல் - எண்ட் தட்டிப் பாருங்க. டேட்டா முடிந்து வெகு தூரத்தில் கர்சர் போய் நிற்கிறதா? எப்போதோ ஃபார்மட் செய்து மறந்துபோன காலி வரிகளை எக்செல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. அந்த வரிகளை அடியோடு டெலிட் செய்து, ஃபைலை சேவ் பண்ணுங்க.

குற்றவாளியைப் பிடிக்கணுமா?

ஃபைலை ஒரு காப்பி எடுங்க. கன்ட்ரோல் - ஆல்ட் - எஃப்9 தட்டினால் எக்செல் எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிடும். செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் குறிங்க. சந்தேகப்படுகிற ஒரு நெட்டு வரிசையைக் காப்பி செய்து, அதே இடத்தில் வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டு மறுபடி தட்டுங்க. 40 நொடி 5 நொடியானால் ஆள் சிக்கிட்டான்! காப்பியில் துப்பு துலக்கி, ஒரிஜினலில் திருத்துங்க.

மேனுவல் மோகம் வேண்டாம்

இத்தனையும் செய்யச் சோம்பல்பட்டு நிறைய பேர் பிடிக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு: கால்குலேஷனை 'மேனுவல்' ஆக்கிவிடுவது. இனி எஃப்9 தட்டினால்தான் கணக்கு. ஷீட் பறக்கும். ஆனால் 67-ஐ 76 ஆக்கினாலும் மொத்தம் பழைய மொத்தமாகவே இருக்கும். சேவ் செய்யும்போது எக்செல் வழக்கமாகக் கணக்கிட்டுவிடும்தான். அதற்கு முன்பே ஸ்க்ரீனைப் பார்த்து ரிசல்ட்டை எழுதிக்கொண்டால்? போட்டோ எடுத்து க்ரூப்பில் போட்டால்? போனது போனதுதான்.

இன்னொரு விவகாரம், இது ஜலதோஷம் மாதிரி தொற்றும். முதலில் திறக்கும் ஃபைல் மேனுவலில் இருந்தால், அடுத்துத் திறக்கிற ஃபைல்களும் மேனுவலாகவே நடக்கும். நண்பர் அனுப்பிய ஃபைலைத் திறந்ததும் ஃபார்முலா டேப்பில் ஒருமுறை பார்த்துடுங்க. கீழே இடது மூலையில் 'கால்குலேட்' என்று தெரிந்தால், கண்முன் இருக்கும் எண் பழையதாக இருக்கலாம்.

ஸ்ப்ரெட்ஷீட் தப்பு செய்யும்போது சத்தம் போடாது என்பதுதான் பெரிய ஆபத்து. 2020-ல் இங்கிலாந்தில் பரிசோதனை விவரங்களைப் பழைய எக்செல் ஃபார்மட்டில் ஏற்றினார்கள். அந்த 65,536 வரி எல்லை நிரம்பியதும் மீதி விவரம் உள்ளே போகவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. ஷீட் பெரிசாகும்போது அதன் எல்லைகளைத் தெரிஞ்சு வச்சுக்கறது வெறும் வேக விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

அதனால், அடுத்த தடவை வட்டம் சுத்தும்போது மெஷினைத் திட்டாதீங்க. 'ஒரே வேலையை இதுகிட்டே எத்தனை தடவை வாங்கறேன்?' என்று ஒரு பேப்பரில் எண்ணிப் பாருங்க. ஒருமுறை கண்டுபிடி, பலமுறை பயன்படுத்து... இதுதான் சூத்திரம். கூகுள் ஷீட்ஸோ, லிப்ரே ஆபீஸோ, எதில் வேலை பார்த்தாலும் இது கைகொடுக்கும். உங்க ஷீட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தரின் மார்க், சம்பளம், ஸ்காலர்ஷிப். அது சீக்கிரமாவும் வரணும், சரியாவும் வரணும், இல்லையா?