தோட்டக்காரனின் நாய்: செய்யுள் பேசிய திரைப்படம்

‘வைக்கோற்போரில் படுத்த நாய்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. ஸ்பானிய மக்கள் இக்கருத்தையே ‘தோட்டக்காரனின் நாய்’ எனக் குறிப்பர். இத்தொடரைத் தலைப்பாகக் கொண்டு லோப்பே தெ வேகா (1562–1635) இயற்றிய காதல் இன்பியல் நாடகம் 1618இல் அச்சேறியது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்து, 1996இல், பிலார் மீரோ என்னும் பெண் இயக்குநர் அதனைத் திரைப்படமாக்கினார்.

கதை நேப்பிள்ஸ் நகரில் நிகழ்கின்றது. தியானா ஒரு கோமகள். அவளுடைய செயலாளன் தியோதோரோ, குலப்பெருமை இல்லாதவன். அவன் தன் பணிப்பெண் மார்சேலாவைக் காதலிப்பதை அறிந்த கணத்தில் கோமகளின் உள்ளத்தில் பொறாமை எழுகின்றது. பொறாமையிலிருந்தே காதல் பிறக்கின்றது. ஆயினும் குலமானம் தடுக்கின்றது. அவனை அழைப்பாள், நெருங்கினால் விலக்குவாள். அவன் மார்சேலாவிடம் திரும்பினாலோ சினங்கொள்வாள். ஒருமுறை குருதி வடிய அறைந்துவிட்டுப் பின்னர் அக்குருதி தோய்ந்த கைக்குட்டையையே கேட்டுப் பெறுகின்றாள். தலைப்பின் பொருள் இங்கே விளங்கும்.

முடிச்சை அவிழ்ப்பவன் வேலையாள் திரிஸ்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் மகனை இழந்த முதிய பிரபு ஒருவரிடம், அம்மகனே தியோதோரோ எனப் பொய்யுரைத்து நம்ப வைக்கின்றான். தியோதோரோவோ உண்மையைக் கோமகளிடம் ஒப்புக்கொள்கின்றான். அவள் அதனை அறிந்தே அவனை மணக்கின்றாள். ஊருக்குத் தேவை உயர்குலம் என்னும் பெயரே. அவளுக்கு வேண்டுவது அம்மனிதன். மானம் என்பது பிறர் வாயில் வாழ்வது என்பதைச் சிரிப்பினூடே உணர்த்துவதே ஆசிரியரின் திறம்.

இனி, திரைப்படத்தின் துணிவை நோக்குவோம். மூலநாடகம் முழுவதும் செய்யுள். 1609இல் வெளியிட்ட நாடகக்கலை பற்றிய தம் நூலில், முறையீட்டுக்குப் பத்தடிச் செய்யுளும், காத்திருப்போர் கூற்றுக்குப் பதினான்கடிச் ‘சானெட்’டும், காதலுக்கு நான்கடிச் செய்யுளும் பொருந்தும் என லோப்பே வகுத்துரைத்தார். பொருளுக்கேற்ற பா என்னும் கொள்கை யாப்பறிந்த நமக்குப் புதிதன்று. பிலார் மீரோ இச்செய்யுளை உரைநடையாக்காமல் திரைக்குக் கொணர்ந்தார். பழஞ்செய்யுளை இக்காலத்தார் செவிமடுப்பரோ என்னும் ஐயத்திற்கு அவர் கண்ட விடை எளியது: ஓசைக்காக நிறுத்தாமல் பொருளுக்காக நிறுத்திப் பேசச் செய்தல். தியானாவாக எம்மா சுவாரெஸும், தியோதோரோவாகக் கார்மெலோ கோமெஸும் செய்யுளை அன்றாடப் பேச்சென இயல்பாக மொழிந்தனர். போர்ச்சுகல் நாட்டு அரண்மனைகளும் தோட்டங்களும் நாடகமேடையின் எல்லையை விரித்தன. ஸ்பெயினின் கோயா விருதுகளில் இயக்கம், நடிகை, தழுவல் திரைக்கதை உள்ளிட்ட 7 விருதுகள் இப்படத்திற்குக் கிட்டின. இயக்குநர் 1997 அக்டோபரில் மறைந்தார்.

நாடக இறுதியில் தியோதோரோ அவையோரை நோக்கித் தன் மறையை எவரிடமும் வெளியிட வேண்டா என வேண்டுகின்றான். குலப்பெருமையை எள்ளி நகையாடிய நாமும் அப்பொய்க்கு உடந்தையாகின்றோம்! நகைச்சுவைக்குள் நம்மையே காட்டும் கண்ணாடி இது.

மாணவர்கள் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பழஞ்செய்யுள் பழமையினால் அயன்மைப்படுவதில்லை. பொருளுணராது ஒப்பிக்கப்படுவதினாலேயே அயன்மைப்படுகின்றது. பொருளறிந்து வாய்விட்டுப் படிப்பார்க்கு அது என்றும் உயிருள்ள பேச்சேயாகும்.